முதலில் புல்லை வெட்டு

அன்புள்ள மருமகளுக்கு,

நீ பட்டறையாக்கப் போகும் கொட்டகையின் படங்கள் வந்தன, கூடவே நீ வாங்கப் போகும் சாமான் பட்டியலும். நூறு கிலோவில் புது அடைகல், இரட்டை பர்னர் வைத்த கேஸ் உலை, பெல்ட் கிரைண்டர், ஏழு தினுசில் குறடு. உன் காரை விற்றாலும் அவ்வளவுக்கும் காசு போதாது. பட்டியலை மடித்து வை. அதில் இல்லாத ஒரு பொருளைத்தான் நீ முதலில் வாங்கவேண்டும்: நல்ல புல்வெட்டி.

இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கொட்டகையின் வடக்குச் சுவரை ஒட்டி முழங்கால் உயரத்துக்குப் புல். இப்போது அக்டோபர், பச்சையாக இருக்கிறது, பார்க்க அழகுதான். ஆஸ்திரேலியக் கோடை தொடங்கிக் கிறிஸ்துமஸுக்குள் அது வைக்கோல். பெண்டிகோவைத் தாண்டி எல்மோர் பக்கம் போனால் நிலம் தட்டை. கோடையில் வடக்கிலிருந்து வரும் அனல்காற்றைத் தடுக்க எதுவுமில்லை. அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் நீ தீ மூட்டப் போகிறாய். அந்தப் பக்கம் தீக்கு வேண்டிய தீனியைக் குவித்து வைத்திருக்கிறாய்.

என் கதையைச் சொல்கிறேன், உன் அத்தைக்கே பாதிதான் தெரியும். நான் பட்டறை போட்ட மூன்றாம் வருஷம், பிப்ரவரி மாதச் சாயங்காலம். அன்று முழுத் தீத்தடை நாளும் அல்ல, காற்றும் அடங்கியிருந்தது. வாசலில் நின்று கிரைண்டரால் ஒரு லாரி ஸ்பிரிங் பட்டையை அறுத்துக்கொண்டிருந்தேன். பொறிகள் உள்பக்கம்தானே போகின்றன என்று தைரியம். தகரச் சுவருக்கும் தரைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருந்ததை நான் கவனிக்கவில்லை. வாசனைதான் முதலில் வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் வேலிவரை புல் எரிகிறது. குழாயைத் திறந்தேன், தண்ணீர் சொட்டாக வந்தது. தொட்டி பம்ப்பின் சுவிட்ச் வீட்டுக்குள். ஈரச்சாக்கால் அடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்துப் பண்ணைக்காரர் தன் யூட் வண்டியில் தண்ணீர்த் தொட்டியும் பம்ப்புமாக வந்து நின்றார். பத்து நிமிஷத்தில் அணைந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்காருவதும் எழுவதுமாக, இருட்டிய பிறகும் ஒவ்வொரு வேலிக்கம்பமாகப் போய்த் தொட்டுத் தொட்டுப் பார்த்தார், உள்ளே கனல் இருக்கிறதா என்று. அந்த மௌனம் எனக்கு இன்னும் சுடுகிறது.

அதனால் விதியை மனப்பாடம் செய்துகொள். விக்டோரியாவில் தீ அபாயக் காலத்தை நாட்டுப்புறத் தீயணைப்பு ஆணையமான சி.எஃப்.ஏ., ஒவ்வொரு நகராட்சிப் பகுதிக்கும் தனித்தனியாக அறிவிக்கும். அந்தக் காலத்தில் வெட்டவெளியில் வெல்டிங், கிரைண்டிங் செய்தால் நான்கு காரியம் வேண்டும். பொறியை மறைக்கத் தீப்பிடிக்காத தடுப்பு. சுற்றிலும் ஒன்றரை மீட்டருக்கு எரியக்கூடியது எதுவும் இல்லாமல், அல்லது நன்றாக நனைத்து வைத்த தரை. குழாய்த் தண்ணீர், இல்லையென்றால் குறைந்தது 9 லிட்டர் பிடிக்கும் முதுகுப்பை பம்ப், நிரப்பித் தயாராக. வெட்டி விழும் துண்டுகளை உடனே போட ஒரு தீப்பிடிக்காத பாத்திரம். முழுத் தீத்தடை நாளில் அனுமதிச் சீட்டு இல்லாமல் வெளியே இந்த வேலைகள் எதையும் தொடக்கூடாது. அது அரசாங்கச் சட்டம். அன்று கொட்டகைக்குள்ளும் உலை மூட்டக்கூடாது என்பது மாமாவின் சட்டம். 2009 பிப்ரவரி 7-ஆம் தேதி இந்த மாநிலத்தில் ஒரே நாள் தீ 173 உயிர்களைக் கொண்டுபோனது. சாயங்காலம் காற்று தென்மேற்குக்குத் திரும்பியதும், அதுவரை நெருப்பின் நீண்ட பக்கவாட்டாக இருந்தது அப்படியே முகப்பாகி முன்னேறியது. உன் பக்கத்து ஊர்களில் அந்த நாளைப் பற்றிப் பேச்சு எழுந்தால் குரல்கள் தணிந்துவிடும். கவனித்துப் பார்.

ஆக, உன் பட்டறை வருஷம் மே மாதம் தொடங்கட்டும். அதுவரை சாமான் சேர்க்கும் காலம்.

அடைகல்லைப் புதிதாக வாங்காதே. யாராவது வயசாகிப் பண்ணையை விற்கும்போது கிளியரிங் சேல் என்று ஏலம் போடுவார்கள். புல்வெளியில் வரிசையாகச் சாமான்களைப் பரப்பி வைத்திருப்பார்கள். ஏலக்காரர் வரிசையோடு நடந்துகொண்டே கூவுவார். கம்பிச்சுருள், துருப்பிடித்த கலப்பை, பெட்டி நிறைய போல்ட்டு, இவற்றுக்கு நடுவே எங்காவது ஒரு பழைய இங்கிலாந்து அடைகல் கிடக்கும். பக்கவாட்டைத் துடைத்தால் மூன்று எண்கள் தெரியும். 1, 2, 14 என்று இருந்தால் அது தேதி அல்ல, எடை. முதல் எண் ஹண்ட்ரட்வெயிட், அதாவது 112 பவுண்டு. இரண்டாவது அதன் கால்பங்கு, ஒன்றுக்கு 28 பவுண்டு. மூன்றாவது மிச்சப் பவுண்டு. கூட்டினால் 182 பவுண்டு, சுமார் 83 கிலோ. இந்தக் கணக்கு தெரியாமல் வரும் ஆள் கையால் தூக்கிப் பார்த்து எடை சொல்வார். நீ எண்ணைப் படித்துவிட்டுச் சும்மா நில். பையில் ஒரு பேரிங் குண்டு கொண்டுபோ. ஒரு சாண் உயரத்திலிருந்து அடைகல் முகத்தில் போடு. துள்ளி ஏறக்குறைய உன் கைக்கே திரும்பினால் முகம் நல்ல எஃகு. சோம்பலாக எழும்பினால் தீ விபத்தில் பதம் போன கல்லாக இருக்கலாம், விட்டுவிடு.

கிடைக்கவில்லையா? ஒரு முழ நீளத்துக்குத் தண்டவாளத் துண்டு போதும். எல்லோரும் அதைப் படுக்கவைத்து அடிக்கிறார்கள். நீ நிறுத்திவைத்து அடி. சுத்தியல் விழும் இடத்துக்கு நேர்கீழே அத்தனை இரும்பும் இருக்கும், அடி வீணாகாது. அடியில் ரெட்கம் மரக்கட்டை. நின்றுகொண்டு விரல்களை மடக்கிக் கையைத் தொங்கவிட்டால் விரல்முட்டி தொடும் உயரம்தான் அடைகல்லின் உயரம். உன் உயரத்துக்கு அளந்து அறுத்துக்கொள், என் கட்டையைப் பார்த்து அளவெடுக்காதே.

கொல்லுவேலைக்குப் பெரிய பட்டறை தேவை என்ற எண்ணம் உனக்கு எங்கிருந்தோ வந்திருக்கிறது. நெட் கெல்லி கொள்ளைக் கும்பல் 1880 ஜூனில் கிளென்ரோவனில் போலீசை எதிர்த்து நின்றபோது அணிந்திருந்த கவசங்கள் கலப்பைத் தகடுகளால் ஆனவை. கெல்லியுடையது மட்டும் 44 கிலோவுக்குப் பக்கம். அந்தக் கும்பலைச் சேர்ந்த ஜோ பர்னின் கவசத்தை சிட்னி லூகாஸ் ஹைட்ஸ் அணு ஆய்வு நிலையத்தில் சோதித்தார்கள். சூடு சீராக ஏறவில்லை, கைதேர்ந்த கொல்லன் பட்டறை வேலை இல்லை, காட்டில் மூட்டிய உலைதான் என்று முடிவுக்கு வந்தார்கள். திருடர்களை உனக்கு முன்மாதிரியாகக் காட்டவில்லை. தரையில் ஒரு குழி, ஒரு துருத்தி, பொறுமை இருந்தால் இரும்பு வளையும் என்கிறேன்.

நல்ல முன்மாதிரியும் உன் ஊர்ப்பக்கமே இருக்கிறது. எல்மோருக்கு அருகே டிரம்மார்ட்டினில் ஹெச்.வி. மெக்கே என்ற விவசாயி மகன், இருபது வயதுகூட நிரம்பாதவன், 1884-இல் பண்ணைப் பட்டறையில் ஒரு கோதுமை அறுவடை இயந்திரத்தைக் கட்டினான். கதிரைப் பறித்து, அடித்து, தூற்றி, எல்லாம் ஒரே ஓட்டத்தில். அதற்குப் பிறகு வந்த பெயர் சன்ஷைன். மெல்போர்னுக்குப் போகும் ரயிலில் நீ கடக்கும் சன்ஷைன் ஸ்டேஷனுக்கு அந்த இயந்திரத்தின் பெயர்தான்.

இனி உலை. மரக்கரி, நிலக்கரி, கேஸ் மூன்றையும் நான் பயன்படுத்தியிருக்கிறேன். மரக்கரியின் சூடு சுத்தமானது, ஆனால் ஊத ஊதப் பொறி பறக்கும். உன் நிலத்தில் அது வேண்டாம். நிலக்கரி மூட்டும்போது மஞ்சள் புகை. கேஸோடு தொடங்கு. ஒற்றை பர்னர் போதும். 9 கிலோ சிலிண்டரைக் குளிர்காலக் காலையில் அதிகமாக இழுத்தால் வெளியே பனி பூத்து அழுத்தம் இறங்கிவிடும். பழுதாகிவிட்டது என்று பயப்படாதே. இந்த கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும், ஆகவே கதவை முழுக்கத் திறந்து வை. எரியும்போது கார்பன் மோனாக்சைடும் வரும், அதற்கு வாசனை கிடையாது. குளிருகிறதென்று கதவைச் சாத்தினால் தலைவலியில் தொடங்கி வேறெங்கோ முடியும்.

கதவு திறந்திருக்கவேண்டும், ஆனால் வெயில் உள்ளே விழக்கூடாது. புதிதாக வருகிறவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். இரும்பின் சூட்டைக் கண்ணால்தான் அளக்கிறோம்: மங்கிய சிவப்பு, செஞ்சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள். இந்த நாட்டுப் பகல் வெளிச்சத்தில் சிவப்பு என்று ஒன்று தெரியவே தெரியாது. கறுப்பாக இருக்கிறதே என்று திரும்பவும் உலையில் திணிப்பாய். வெளியே எடுக்கும்போது மத்தாப்பு மாதிரிப் பொறி தெறிக்கும். இரும்பு எரிந்துவிட்டது, அதைக் காப்பாற்ற முடியாது. உன் கொட்டகையில் தெற்கு மூலை இருட்டாக இருக்கிறது. உலை அங்கே. இன்னொன்று: கை சுடுவது சிவந்த இரும்பால் அல்ல, அதை யாரும் தொடமாட்டார்கள். கறுத்துப்போய், ஆனால் இன்னும் ஐந்நூறு டிகிரியில் தரையில் கிடக்கும் துண்டுதான் சுடும். சுட்டால் ஓடும் குளிர்நீரில் இருபது நிமிஷம், கடிகாரம் பார்த்து. தண்ணீர் உடனே வர, பம்ப் சுவிட்சைக் கொட்டகைக்கு மாற்றச் சொல். லைசென்ஸ் உள்ள மின்பணியாளரைக் கூப்பிடு, நீயே கை வைக்காதே. 15 ஆம்ப் பிளக்கின் அகலமான எர்த் பின்னை அரம் போட்டுச் சாதாரண சாக்கெட்டில் சொருகும் வழக்கம் பண்ணைகளில் உண்டு. அதைக் கற்றுக்கொள்ளாதே.

இரும்புக்கு நீ காசு செலவழிக்க வேண்டியதில்லை. பண்ணைக்குப் பண்ணை குப்பைமேடு இருக்கும், கேட்டால் தருவார்கள். ஸ்பிரிங் பட்டை, பரம்புப் பல், வளைந்துபோன ஸ்டார் பிக்கெட் வேலிக்கம்பம். குவியலை முதலில் கம்பியால் தட்டிவிட்டுக் கையை விடு, ரெட்பேக் சிலந்தி அடியில் குடித்தனம் நடத்தும். கோடையில் பழுப்புப் பாம்பும் உண்டு. ஜி.ஐ. பைப், ஜி.ஐ. கம்பி, வெள்ளிபோல மினுக்கும் எதுவும் உலைக்குள் போகக்கூடாது. மேல்பூச்சுத் துத்தநாகம் வெண்புகையாகக் கிளம்பும். இரவு குளிர்காய்ச்சல் வந்து நடுங்கினேன் ஒரு தடவை, மலேரியா என்று நினைத்தேன்.

முதல் வேலை கத்தி அல்ல, தெரிகிறதா? நீ எழுதாவிட்டாலும் உன் மனசில் கத்திதான் இருக்கிறது. முதலில் பத்து கொக்கி அடி. அடுத்து குறடு. ஏழு குறட்டுக்கு விலை போட்டிருந்தாயே, அதில் ஒன்றை வாங்கு, மிச்சத்தை நீயே செய். எஃகைக் கடினமாக்கும் தோய்ச்சலுக்கு அப்புறம் வரலாம். ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சிக்கொண்டே காந்தத்தைக் காட்டு. 770 டிகிரி அளவில் ஒட்டாமல் விடும். அதற்குமேல் கொஞ்சம் ஏற்றி, இளஞ்சூட்டில் இருக்கும் எண்ணெயில் தோய்க்கவேண்டும். வசந்தத்தில் உன் ரோட்டின் இரண்டு பக்கமும் மஞ்சளாகப் பூக்கிறதே கனோலா, அதன் எண்ணெயே போதும். வாளிக்கு இரும்பு மூடி இருக்கட்டும்.

ஈ மொய்க்கிறது என்று எழுதியிருந்தாய். இரும்படிக்கும் இடத்தில் ஈக்கு என்ன வேலை என்று நம் ஊரில் கேட்பார்கள். அதைச் சொன்னவர் ஆஸ்திரேலியா பார்க்காதவர்.

பாலியெஸ்டர் சட்டை வேண்டாம், பருத்தியோ கம்பளியோ போடு. தீ அபாயக் காலம் முடிந்ததும் சொல்லு. என் பழைய கால்வைஸைக் காரில் ஏற்றிக்கொண்டு வருகிறேன். அதன் திருகுமரை தேய்ந்து, இறுக்கினால் நழுவுகிறது. சரிசெய்வது உன் பொறுப்பு. அத்தை ஊறுகாய் தருவாள்.

அன்புடன்,
மாமா