பட்டம் தந்த அரசர் யார்?

கும்பாபிஷேகத்துக்கோ திருமண வரவேற்புக்கோ பிரிக்பீல்ட்ஸில் அழைப்பிதழ் அச்சடிக்கக் கொடுக்கும்போது, சிறப்பு விருந்தினரின் பெயருக்கு முன்னால் என்ன போடுவது என்ற குழப்பம் பலருக்கு வருகிறது. இப்போது அதோடு இன்னொரு சந்தேகமும் சேர்ந்திருக்கிறது: அவர் உண்மையிலேயே டத்தோதானா? பட்டத்தை வழங்கியவர் யார் என்று பார்த்தால் இரண்டும் தெளிவாகிவிடும்.

மலேசியாவில் விருதாகப் பட்டம் வழங்கும் அதிகாரம் மாமன்னருக்கும் (யாங் டி-பெர்துவான் அகோங்), ஒன்பது மாநிலங்களின் பரம்பரை ஆட்சியாளர்களுக்கும், பினாங்கு, மலாக்கா, சபா, சரவாக் ஆகிய நான்கு மாநிலங்களின் ஆளுநர்களுக்கும் (யாங் டி-பெர்துவா நெகிரி) உண்டு. டான்ஸ்ரீ மாமன்னர் தருவது. டத்தோ பட்டத்தை மாமன்னரும் தரலாம், மாநிலங்களும் தரலாம்.

போலிப் பட்டங்கள் பல முளைப்பது மறைந்துபோன அரசுகளின் பெயரில்தான். மலாக்கா சுல்தானாட்சி 1511இல் போர்த்துக்கீசியரிடம் வீழ்ந்தது. சூலு சுல்தான் 1915ஆம் ஆண்டு உடன்படிக்கையில் தம் ஆட்சியதிகாரத்தை அமெரிக்கரிடம் விட்டுக்கொடுத்தார். ஆனாலும் இந்த அரியணைகளுக்கு வாரிசு என்று சொல்லிக்கொள்பவர்கள் நம் ஊரில் பட்டம் வழங்கியிருக்கிறார்கள். நம் சிறுதொழில் முதலாளிகள் சிலர் உழைத்துச் சேர்த்த பணத்தை இதில் இழப்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

அடையாளங்களைக் கவனியுங்கள். பட்டத்துக்கு "நன்கொடை" கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். சிலாங்கூர் சுல்தான் வழங்கும் விருதுக்கான சடங்கு கிள்ளான் ஆலம் ஷா அரண்மனையில் நடப்பது வழக்கம். ஹோட்டல் மண்டபத்தில் வாளும் மஞ்சள் குடையும் வைத்து நடந்தால் சந்தேகப்படுங்கள். பட்டத்துக்கு உரிய விருதின் சுருக்கெழுத்தையும் மரியாதையாகக் கேளுங்கள். கூட்டரசு டத்தோ என்றால் பி.ஜே.என். அல்லது பி.எஸ்.டி.; சிலாங்கூர் என்றால், எடுத்துக்காட்டாக, டி.பி.எம்.எஸ். உண்மையான டத்தோ இதைக் கேட்டதற்காகக் கோபப்பட மாட்டார். கூட்டரசு விருதுகளைப் பிரதமர் துறையின் சடங்குப் பிரிவில் (இஸ்தியாடாட்) சரிபார்க்கலாம். மாநில விருதுக்கு அந்தந்த மாநிலச் செயலகத்தில் விசாரியுங்கள். அரசருடன் எடுத்த படம் ஆதாரம் ஆகாது.

"எதற்கும் டத்தோ என்றே போட்டுவிடுவோம், மரியாதைதானே" என்ற குறுக்குவழி வேண்டாம். அங்கீகாரமற்ற பட்டங்களுக்கு எதிராக 2017இல் தனிச் சட்டமே (சட்டம் 787) வந்துவிட்டது. வழங்குவதோடு, பயன்படுத்துவதும் குற்றம். ஐயம் தீரவில்லையென்றால் 'திரு' என்று அச்சிடுங்கள். அதில் யாருக்கும் அவமதிப்பு இல்லை.

நீங்களே ஏமாந்து வாங்கியிருந்தால் பதற்றப்பட வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். அட்டை, பெயர்ப்பலகை, சமூக ஊடகப் பக்கம் எல்லாவற்றிலிருந்தும் பட்டத்தை உடனே நீக்குங்கள். ரசீதையும் வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காமல் வைத்து, வழக்கறிஞர் ஒருவருடன் கலந்தாலோசித்து போலீஸில் புகார் கொடுங்கள். கொடுத்தவரிடமே பேரம் பேசிப் பணத்தை மீட்கலாம் என்று காத்திருந்தால் நாள்தான் போகும்.

மனைவியருக்கான பட்டங்களிலும் தவறு நேர்கிறது. துன் மனைவி தோ புவான், டான்ஸ்ரீ மனைவி புவான்ஸ்ரீ, டத்தோ மனைவி டத்தின். பிரிக்பீல்ட்ஸின் முதன்மைச் சாலைக்குப் பெயர் தந்த துன் வீ.தி. சம்பந்தனின் துணைவியாரை தோ புவான் உமா சம்பந்தன் என்றே நாடு அறிந்தது. பெண் தம் சொந்தத் தகுதியில் பட்டம் பெற்றால் கணவருக்கு எந்தப் பட்டமும் வராது. அந்தப் பெண்ணை டத்தின் என்று அச்சிட்டால் அவருடைய சாதனை கணவர் கணக்கில் போய்விடும். இதில் மட்டும் தயவுசெய்து அலட்சியம் வேண்டாம்.

அரண்மனை அழைப்பு வந்தால் உடை பற்றிய குறிப்பை முழுவதும் படியுங்கள். நமக்கு மங்கலமான மஞ்சள் அங்கே அரசருக்குரிய நிறம். ஆகவே மஞ்சள் பட்டுப்புடவையும் மஞ்சள் சட்டையும் அன்று வீட்டிலேயே இருக்கட்டும்.