வரிசையின் கடைசியில் ஒரு பேர்

அன்புள்ள மகள் இசைஞானிக்கு,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. முன்பக்கமும் பின்பக்கமும் முறைப்பாடுதான். வகுப்பில் உன்னை ‘இளையராஜா’ என்று பகிடி பண்ணுகிறார்கள். சங்கீத ரீச்சர் வராத நாளில் எழும்பி ஒரு பாட்டுக்கு மெட்டுப் போடச் சொல்லுகிறார்கள். பிறப்புச் சான்றிதழில் ஆங்கிலத்தில் ஒரு விதம், பள்ளிக்கூட இடாப்பில் இன்னொரு விதம், வங்கிப் புத்தகத்தில் மூன்றாவது விதம். அடையாள அட்டைக்கு எழுதிப்போடும் வயது வந்துவிட்டது, அதற்கு முதல் பேரை மாற்றலாமா என்று அப்பாவைக் கேட்டாயாம். அவன் ‘மாமியைக் கேள்’ என்று விட்டானாம்.

தம்பி சொன்னது சரி. அந்தப் பேரை வைத்தவள் நான். உனக்கு 31 கழித்த அன்று, கார்த்திகை நட்சத்திரத்துக்கு உரிய அ, இ, உ, எ என்ற நாலு எழுத்தையும் சாத்திரியார் ஒரு துண்டில் எழுதித் தந்திருந்தார். வீட்டில் எல்லாரும் இந்துஜா, இலக்கியா என்று சொல்லிக்கொண்டிருந்தபோது நான்தான் ‘இசைஞானி’ என்றேன். ஏன் என்று அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை. இப்போது நீ கேட்கிறாய். அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன்.

இளையராஜாவின் விசயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். 1976இல் ‘அன்னக்கிளி’ படத்தோடு வந்த அவருக்கு ‘இசைஞானி’ என்பது கலைஞர் கருணாநிதி சூட்டிய பட்டம். உனக்கு அது பேர். ஞானி என்ற சொல் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. அவருக்கு அந்தப் பட்டம் கிடைப்பதற்கு ஆயிரம் வருடத்துக்கு மேல் முந்தியே அது ஒரு பெண்ணின் பேராக இருந்தது.

அந்தப் பெண் சுந்தரமூர்த்தி நாயனாரின் தாய். அறுபத்துமூன்று நாயன்மாரில் பெண்கள் மூன்றே பேர் என்று சைவநெறிப் புத்தகத்தில் படித்திருப்பாய்: காரைக்கால் அம்மையார், மங்கையர்க்கரசியார், இசைஞானியார். முதல் இருவரைப் பற்றிப் பரீட்சையில் கேள்வி வரும். மூன்றாமவரைப் பேர் எழுதியதோடு விட்டுவிடுவார்கள்.

நான் 30 வருடத்துக்கு மேல் யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பள்ளிக்கூடங்களில் சைவநெறி படிப்பித்தவள். இடாப்புக் கூப்பிட்ட காலத்தில் புனிதவதி எத்தனையோ பேர் ‘வந்தேன்’ சொன்னார்கள். திலகவதிகள் அதைவிடக் கூட. மங்கையர்க்கரசி வருடத்துக்கு ஒருத்தியாவது இருப்பாள். உன்னைத் தவிர ஒரு இசைஞானியை நான் கண்டதில்லை.

ஏன் அப்படி என்று கனகாலம் யோசித்தேன். எனக்குத் தெரிந்த விடையை எழுதுகிறேன்.

எங்கள் ஊர்களில் இந்தப் பேர்கள் புத்தகத்தால் பரவவில்லை, காதால் பரவின. கோயிலில் புராணபடனம் நடக்கும். ஒருவர் பாட்டை இராகத்தோடு வாசிப்பார், மற்றவர் பயன் சொல்லுவார். கந்தபுராணம் படிக்கும் ஊர் கந்தபுராணம் படிக்கும். பெரியபுராணம் படிக்கும் இடங்களும் உண்டு. நான் சின்னப்பிள்ளையாக அம்மம்மாவின் மடியில் சாய்ந்து கேட்டது இன்றைக்கும் காதில் இருக்கிறது. காரைக்கால் அம்மையாரான புனிதவதியார் கணவனுக்கு மாம்பழம் படைக்கிற கட்டம். ஒரு பழத்தை அடியாருக்குக் கொடுத்தாயிற்று. கணவன் இன்னொன்று கேட்கிறான். கையை ஏந்துகிறாள், பழம் வந்து விழுகிறது. பயன் சொல்லுகிறவர் அந்த இடத்தில் ஒரு நிமிடம் நிறுத்துவார். மண்டபம் முழுக்க மூச்சுப் பேச்சு இருக்காது. அது கறுத்தக்கொழும்பான் மாம்பழம்தான் என்று நாங்கள் பிள்ளைகள் நிச்சயமாக நம்பினோம். அந்த இரவு வீட்டுக்குப் போகிற தாய்க்கு அடுத்த மாதம் பெண்பிள்ளை பிறந்தால் வேறு என்ன பேர் வரும்?

திலகவதியார் அறுபத்துமூவர் கணக்கிலேயே இல்லை, தெரியுமா? ஆனால் அவருக்குக் கதை இருக்கிறது. கலியாணம் பேசிய கலிப்பகையார் போர்க்களத்தில் இறந்துபோக, உயிரை விடத் துணிந்தவர் தம்பிக்காக இருந்தார். அந்தத் தம்பிதான் பிறகு அப்பர். தம்பிக்காக வாழ்ந்த அக்காவின் கதையைக் கேட்டு எங்கள் ஊர்ப் பெண்கள் அழுதார்கள், பிள்ளைகளுக்குத் திலகவதி என்று வைத்தார்கள். ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கி, 1852இல் பெரியபுராணத்தை வசனமாக அச்சிட்ட பிறகு, கோயிலில் கேட்டதைப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிக்கவும் வழி வந்தது. பேர் இன்னும் ஆழமாக ஊறிவிட்டது.

இசைஞானியாருக்கு அப்படி ஒரு கட்டம் இல்லை. பெரியபுராணத்தில் 4,200க்கு மேற்பட்ட பாட்டுகள். காரைக்கால் அம்மையாருக்கு 66. இசைஞானியார் புராணம் என்ற தலைப்பின் கீழ் இருப்பது ஒரே ஒரு பாட்டு. அதிலும் சேக்கிழார் சொல்லுவது இவ்வளவுதான்: சடையனாரின் மனைவி, சுந்தரரைப் பெற்றவர், அவரை என் சிறிய சொல்லால் புகழ முடியுமா, யாராலும் முடியாது. அதோடு முடிந்தது. பயன் சொல்லுகிறவர் இரண்டு நிமிடத்தில் கடந்து போவார். பரிசளிப்பு விழாவுக்கு நாடகம் போடக் காட்சி இல்லை. கதை இல்லாத பேர் தொட்டில் வரைக்கும் வரவில்லை, மகள்.

அப்படியென்றால் எதற்காக எனக்கு வைத்தாய் என்று கேட்பாய்.

சுந்தரர் திருவாரூரில் பாடிய திருத்தொண்டத்தொகைதான் அறுபத்துமூவர் கணக்குக்கே மூலம். அதில் அவர் தனித்தனியாகச் சொன்ன அடியார்கள் 60 பேர். அந்தப் பதிகத்தின் கடைசிப் பாட்டில், இதைப் பாடியவன் யார் என்று தன்னைச் சொல்லும்போது, தகப்பன் பேரையும் தாய் பேரையும் சேர்த்துச் சொல்லுகிறார். தாய்க்கு மகன் என்பதற்கு அவர் இட்ட சொல் ‘காதலன்’. பழைய தமிழில் அதற்கு அன்பு மகன் என்ற பொருள் உண்டு. பின்னால் வந்தவர்கள் அந்த 60 பேரோடு சுந்தரரையும் அவரைப் பெற்ற இருவரையும் சேர்த்து 63 ஆக்கினார்கள். இசைஞானியார் நாயன்மார் வரிசைக்கு வந்தது மகன் இட்ட அந்தக் கையெழுத்தால்தான்.

உன் பேருக்கு முன்னால் நிற்கிற எழுத்து என் தம்பியின் முதலெழுத்து. எனக்கும் என் அப்பாவின் எழுத்துத்தான். தாயின் எழுத்தை ஒருவரும் போடுவதில்லை. சுந்தரரோ அத்தனை காலத்துக்கு முன்னாலேயே தன் அடையாளத்தில் தாயின் பேரைப் போட்டார். வேறு பதிகங்களில் சிங்கடிக்கு அப்பன், வனப்பகைக்கு அப்பன் என்றும் தன்னைச் சொல்லிக்கொள்ளுகிறார். அவர்கள் இருவரும் கோட்புலி நாயனாரின் பெண்கள். இவர் தன் மகள்களாக ஏற்றவர்கள். பெண்களின் பேரால் தன்னைச் சொல்லிக்கொள்ள அவர் கூச்சப்படவே இல்லை. எனக்கு அவரை மிகவும் பிடித்தது அதனால்தான்.

இன்னும் ஒன்று இருக்கிறது. சுந்தரர் திருநாவலூர்த் தெருவில் சிறுதேர் உருட்டி விளையாடின வயதில், நரசிங்கமுனையரையர் என்ற சிற்றரசர் கண்டு, பெற்றோரிடம் கேட்டு வாங்கிப்போய்த் தன் பிள்ளையாக வளர்த்தார். கேட்டதும் கொடுத்தார்கள் என்று புராணம் அதை இரண்டொரு வரியில் சொல்லிவிடுகிறது. அந்த வீட்டு முற்றத்தில் அன்றைக்குப் பொழுதுபட்டபோது தாய் எப்படி இருந்திருப்பாள் என்று ஒருவரும் பாடவில்லை. ஆனால் அரச வீட்டில் வளர்ந்த பிள்ளை, பெரிய ஆளாகி ஆரூர்ச் சபையில் பாடும்போது பெற்றவளின் பேரைத்தான் சொன்னது. நீ பிறந்து 31ஆம் நாள், தம்பி வெளிநாட்டுக்குப் போவதா நிற்பதா என்று முடிவெடுக்க முடியாமல் இருந்த நேரம், எனக்கு அந்த முற்றம்தான் நினைவில் வந்தது. யாரிடம் வளர்ந்தாலும் இவள் எங்கள் பிள்ளை என்று நினைத்துத்தான் சொன்னேன். பிறகு அவன் போகவில்லை. பேர் நின்றுவிட்டது.

இசைஞானியாரைப் பற்றி இன்னும் ஒரு செய்தி உண்டு. அவர் ஆரூரில் ஞானசிவாசாரியார் என்பவருக்கு மகளாகப் பிறந்தவர் என்று திருவாரூர்ச் சோழர் காலக் கல்வெட்டு ஒன்று சொல்லுகிறது. அவர் பாடினார் என்றோ சங்கீதம் தெரிந்தவர் என்றோ சேக்கிழார் சொல்லவில்லை. இசை என்றால் புகழ் என்றும் பொருள்; திருவள்ளுவர் புகழ் என்ற அதிகாரத்திலேயே அந்தச் சொல்லை அப்படி ஆளுகிறார். ஆகவே இனி மெட்டுப் போடச் சொன்னால், நீ மெட்டுப் போட வேண்டியதில்லை என்று தைரியமாகச் சொல்.

சுந்தரருக்கும் எங்களுக்கும் உறவு தூரமில்லை. மன்னாரில் பாலாவிக் கரையில் இருக்கும் திருக்கேதீச்சரத்துக்கு அவர் பதிகம் இருக்கிறது. அடுத்த விடுமுறைக்கு உன்னைக் கூட்டிப்போக நினைத்திருக்கிறேன்.

அதற்கு முதல் சித்திரையில் இங்கே வா. சித்திரை மாதத்துச் சித்திரை நட்சத்திரம் இசைஞானியாரின் குருபூசை. சிவன் கோயில் வீதியில் அறுபத்துமூவர் வரிசை இருக்கிறதே, அதைப் பார்க்கலாம். பெரியபுராணத்து ஒழுங்கில் கடைசி மூவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர், சடையனார், இசைஞானியார். யாழ்ப்பாணர் என்ற பேருக்கு ஒருவர் தள்ளி உன் பேர்! நான் படிப்பித்த காலம் முழுக்க, பிள்ளைகள் வரிசையைச் சுற்றி வந்து கடைசியில் களைத்துப்போய், அந்த மூலையில் நில்லாமல் ஓடிவிடுவார்கள். நீ நின்று பார்.

பேரை மாற்றுவது பற்றி நான் தடுக்கமாட்டேன். அது உன் பேர். ஆனால் ஆங்கில எழுத்துத்தான் தொல்லை என்றால் அதற்குப் பேரை மாற்ற வேண்டாம். ‘ஞ’வுக்கு ஆங்கிலத்தில் சரியான எழுத்து இல்லை. ஜீயும் என்னும் சேர்த்தால் ஒருவர் ‘இசக்னானி’ என்கிறார், ஜேயும் என்னும் சேர்த்தால் வேறு என்னவோ வருகிறது. அடையாள அட்டையில் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடிதான் வரும். ஆகவே இடாப்பையும் வங்கிப் புத்தகத்தையும் அதற்கு ஒத்தபடி திருத்தினால் போதும். சான்றிதழின் மூலப் பிரதியையும் வங்கிப் புத்தகத்தையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டு வா. அம்மாவிடம் சொல்லு, நல்ல கறுத்தக்கொழும்பான் கிடைத்தால் நாலு தந்துவிடட்டும்.

அன்புடன்,
மாமி