பேராக்கில் புதைபடிவம் தேட

பேராக்கின் இன்றைய கடற்கரை பெரும்பாலும் சேறும் கண்டல் காடும்தான். அங்கே புதைபடிவம் தேடுவது வீண். பழைய கடல் உள்நாட்டில், ஈப்போ, கம்பார் வட்டாரச் சுண்ணாம்புக்கல்லில் கிடக்கிறது. கம்பாருக்கு மேற்கே ஈயச் சுரங்கங்கள் வெளிக்காட்டிய பாறை அடுக்குகளை 1968இல் நிலவியலாளர் சுந்தரலிங்கம் விவரித்தார். அவற்றில் 25 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய பெர்மியன் காலத்து நத்தை, சிப்பி ஓடுகள் உண்டு.

வெள்ளையாக, சர்க்கரைபோல் மினுங்கும் கல்லைக் கடந்துவிடலாம். கிரானைட் குழம்பின் சூட்டில் பளிங்கானபோது அதிலிருந்த ஓட்டுத் தடயங்கள் பெரும்பாலும் அழிந்துவிட்டன. மங்கிய சாம்பல் நிறக் கல்லே பார்க்க வேண்டியது. நீர் தெளித்தால் உருவம் தெளியும். நடுவில் துளையுள்ள சிறு வட்டம் தெரிந்தால் அது பெரும்பாலும் கடல் அல்லி என்ற கடலுயிரியின் தண்டு. ரப்பர் தோட்டத்துச் செம்மண் வெட்டில் எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

ஈயக்குட்டைக் கரை சரியும். குவாரிக்குள் அனுமதியின்றி நுழையக்கூடாது. ஈப்போ நிலவியல் அருங்காட்சியகத்து மாதிரிகளை முதலில் பார்த்துக்கொண்டால் கண் பழகும்.