மருந்தாளுநர் படிப்பும் மண்டி முதலும்

நம் சங்க உறுப்பினர்களில் பலருக்கு, பிள்ளைகளில் ஒருவராவது மருந்துக்கடை வைக்க வேண்டும் என்ற ஆசை உண்டு. மளிகையைப் போல் அன்றாடம் விலை ஏறி இறங்காது, மரியாதையான தொழில் என்பது நம் எண்ணம். ஆனால் 1948-ஆம் ஆண்டின் பார்மசி சட்டப்படி, பதிவு பெற்ற மருந்தாளுநர் இல்லாமல் டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுக்கக் கூடாது. ஆகவே முதலில் படிப்பு, பிறகுதான் கடை. அந்தப் படிப்புக்குக் கடன்படாமல் பணம் கட்டுவது எப்படி என்பதை நாம் பட்ட அனுபவத்தைக் கொண்டே எழுதுகிறோம்.

2002-இல் மூத்த மகனைத் தனியார் கல்லூரி ஒன்றில் பி.பார்ம் சேர்த்தோம். நான்கு வருடப் படிப்பு. வங்கிக்கும் போகவில்லை, வட்டிக்காரரிடமும் போகவில்லை. மண்டிக் கல்லாவிலிருந்தே எடுத்துக் கட்டினோம். ஒரு பைசா கடன் இல்லை என்று உறவினரிடம் பெருமையாகவும் சொல்லிக்கொண்டோம்.

பொங்கல் கழித்து நம் கணக்குப்பிள்ளை பேரேட்டை விரித்துக் காட்டினார். பருப்பு மில்லில் ரொக்கத்துக்கு நூற்றுக்கு 2 ரூபாய் தள்ளுபடி. கையில் ரொக்கம் இல்லாததால் முப்பது நாள் தவணையில் சரக்கு எடுத்துக்கொண்டிருந்தோம், தள்ளுபடி போயிற்று. மாதத்துக்கு 2 என்றால் வருடத்துக்கு 24. அதாவது, மகன் படிப்புக்கு இரண்டு வட்டிக்குப் பணம் வாங்கியதற்குச் சமம். பத்திரம் எழுதவில்லை, அவ்வளவுதான். கொள்முதல் குறைந்ததில் இரண்டு சில்லறைக் கடைக்காரர்கள் வேறு மண்டிக்குப் போனார்கள். அவர்கள் திரும்பவே இல்லை.

இளைய மகளுக்கு 2006-இல் வேறு வழி பார்த்தோம். நேராக பி.பார்ம் சேர்க்காமல் டி.பார்ம் சேர்த்தோம். அது இரண்டு வருட வகுப்பு, அதன்பின் 500 மணி நேரம் மருந்துக்கடையிலோ மருத்துவமனையிலோ பயிற்சி. அது முடிந்து கவுன்சிலில் பதிவு செய்தபின், உள்ளூர் மருந்துக்கடையில் இரண்டு வருடம் சம்பளத்துக்கு நின்றாள். சம்பளத்தில் பாதியை வங்கியில் ஆர்.டி. கட்டினாள், அதே அளவு நாமும் மாதாமாதம் கட்டினோம், முதலில் கை வைக்காமல், வீட்டுச் செலவுக்கு எடுக்கும் தொகையிலிருந்து. டி.பார்ம் முடித்தவர்கள் பி.பார்மில் நேராக இரண்டாம் வருடத்தில் சேரலாம் என்ற விதி இருக்கிறது. இடங்கள் குறைவு, முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். சேமித்த பணத்தில் மீதி மூன்று வருடத்தையும் முடித்தாள். நாட்கள் கூடுதலாகத்தான் ஆயின. வீட்டில், பெண்ணுக்கு வயதாகிறதே என்று ஒரே கவலை. அந்த இரண்டு வருடத்தில் கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்று அவள் கற்றது, அண்ணன் நான்கு வருடத்தில் கற்றதைவிட அதிகம் என்பது நம் அபிப்பிராயம். மகன் ஒப்புக்கொள்ள மாட்டான்.

மதிப்பெண் நன்றாக உள்ள பிள்ளை என்றால், சென்னை மருத்துவக் கல்லூரியிலும் மதுரை மருத்துவக் கல்லூரியிலும் பி.பார்ம் உண்டு. அரசுக் கட்டணம், தனியாரோடு ஒப்பிட வேண்டியதே இல்லை. அங்கே இடம் கிடைக்காவிட்டால் பிறகு மற்றதைப் பார்க்கலாம். எந்தக் கல்லூரியானாலும் இந்திய பார்மசி கவுன்சில் அங்கீகாரம் உள்ளதா என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். அங்கீகாரம் இல்லையேல் பதிவு இல்லை, கட்டிய பணமும் போனதுதான்.

பெண் குழந்தைக்குப் பத்து வயது ஆவதற்குள் என்றால், 2015-இல் வந்த செல்வமகள் சேமிப்புக் கணக்கைத் தொடங்குங்கள். பதினெட்டு வயதில் மேற்படிப்புக்காகப் பாதித் தொகை வரை எடுக்கலாம். இத்தனைக்கும் பிறகு குறைந்தால் வங்கிக் கல்விக்கடனே மேல். 4 லட்சம் வரை அடமானம் கேட்பதில்லை, படிக்கும் காலத்தில் தவணையும் இல்லை. கடன்தான்; ஆனால் கல்லாவில் கை வைப்பதைவிட மலிவான கடன்.

இன்னொன்று. மகள் பி.பார்ம் படிக்கையில் வெளியூர்க் கடைக்காரர் ஒருவர் வந்தார். டி.பார்ம் பதிவுச் சான்றிதழைக் கடையில் மாட்டிக்கொள்ளக் கொடுத்தால் மாதாமாதம் பணம் தருவதாகச் சொன்னார். கல்லூரிக் கட்டணத்தில் பாதி அதிலேயே வந்துவிடும் போலிருந்தது. நாம் ஒரு நாள் முழுக்க யோசித்தோம் என்பதை மறைக்கவில்லை. "அங்கே மருந்து மாறிப் போனால் யார் பெயர் வரும் அப்பா?" என்று மகள் கேட்டாள். மறுநாள் காலையே அவருக்குப் போன் செய்து முடியாது என்று சொல்லிவிட்டோம்.