போகத்தை மும்மூன்று வாரமாகப் பிரித்துச் செய்தல்

பெரும்போகம் தொடங்குமுன்னரே கமக்காரர் மனத்தில் ஓர் எண்ணிக்கை இருக்கும். சென்ற போகத்தில் ஏக்கருக்கு 70 புசல் கண்டவர் இம்முறை 90 புசல் காண விரும்புவார். விரும்புவதில் தவறில்லை. ஆனால், அவ்வெண்ணிக்கை சூடடித்து அளக்கும் நாளிலேயே தெரியவரும். அன்று திருத்துவதற்கு யாதொன்றும் எஞ்சியிராது. ஆகவே இலக்கை அந்தந்த வாரத்தில் செய்யத்தக்க வேலையாக மாற்றிக்கொள்ளுதல் வேண்டும்.

மூன்றரை மாத நெல்லினத்தின் வயது ஏறக்குறைய 105 நாள். அதாவது 15 வாரம். இதனை மூன்று வாரங் கொண்ட ஐந்து பகுதிகளாகப் பிரிக்கலாம். 45ஆம் நாளளவில் கதிர் கருக்கொள்ளும். 75ஆம் நாளளவில் பூக்கும். அதன்பின் 30 நாளில் மணி முற்றும். ஒவ்வொரு பகுதியும் தொடங்கும்போதே அதற்குரிய திட்டத்தை எழுதுவது நன்று. பதினைந்து வாரத்தையும் ஒரே இரவில் எழுதிவைத்தால் முதற் பெருமழையே அதனை அழித்துவிடும். பிள்ளைகள் எழுதி மிஞ்சிய கொப்பி இதற்குப் போதும்.

விதைப்புக்கு முந்திய மூன்று வாரம் தனிப் பகுதியாகும். முதலுழவுக்கும் மறுவுழவுக்கும் இடையில் களைவிதை முளைத்து மடிய நாள் விடவேண்டும். பின்பு பலகையடித்து மட்டஞ் செய்தல். அவசரம் கெடுப்பது இவ்விடத்திலேயாம். விதைநெல் 24 மணி நேரம் நீரில் ஊறி, 48 மணி நேரம் மூட்டையில் இருந்து முளைகட்டும். முளை யாருக்காகவும் காத்திராது. உழவு இயந்திரம் வருமென்று நம்பி நெல்லை ஊறவைத்தவர், இயந்திரம் இரண்டு நாள் பிந்தினால், நீண்டு பின்னிய முளையைப் பிரித்தெறியும்போது முறித்துவிடுவார்; அன்றேல் மேடுபள்ளமான வயலிலே விதைப்பார். பள்ளத்தில் முளை அழுகும். மேட்டில் களை தழைக்கும். மட்டவேலை முடியும் நாள் உறுதியான பின்னரே நெல்லை நீரிலிடல் வேண்டும்.

விதைத்த முதல் மூன்று வாரத்தில் களையே பெரும் பகைவன். களையை நீக்காது யூரியா இடுபவர் களைக்கே பசளையிடுகின்றார். ‘களை நீக்கல், பின் பசளை’ என ஒழுங்குபடுத்தி, ஒவ்வொன்றுக்கும் நாளும் ஆளும் குறித்துவைத்தல் அவசியம்.

எழுதிய திட்டம் எழுத்திலேயே நின்றுவிடுவதுமுண்டு. தனக்குத் தானே தவணை கொடுப்பது எவருக்கும் எளிது. இதற்கு நல்ல வழி, ஒரே வாய்க்காலில் நீர் பாய்ச்சும் மூவர் அல்லது நால்வர் வாரத்தில் ஒரு நாளைக் குறித்து, அன்று காலை ஒருவர் வயலை மற்றவர் பார்த்து வருதலாகும். சென்ற வாரம் சொன்னது யாது, செய்தது யாது, செய்யாததற்குத் தடை யாது, வரும் வாரம் செய்யவிருப்பது யாது என்னும் நான்கையும் வரம்பில் நின்றே பேசவேண்டும். தேநீர்க் கடையிற் கூடினால் பேச்சு வேறு திசைக்குப் போய்விடும். வயதில் மூத்தவரிடம் கேட்பதற்கு இளையோர் கூசுவர். மூத்தவரே தம் கணக்கை முதலிற் சொன்னால் அக்கூச்சம் நீங்கும். ஒரே வேலை மூன்று வாரமாகத் தள்ளிப்போகுமாயின், அது சோம்பல் அன்று. கூலியாளோ பணமோ நீரோ இல்லையென்பதே பெரும்பாலும் காரணம். நீர்ப்பங்கீடு பற்றியதைக் கமக்காரர் அமைப்பின் கூட்டத்திலும், பயிர் பற்றியதை விவசாயப் போதனாசிரியரிடமும் தாமதியாது தெரிவிக்கவேண்டும்.

வாரந்தோறும் பார்ப்பதில் இன்னுமொரு நன்மையுண்டு. கபிலநிறத் தத்தியின் முட்டை ஏறக்குறைய ஒரு வாரத்திற் பொரிக்கும். அது பயிரின் அடியிலே தங்குவதால் வரம்பில் நின்று பார்ப்பவருக்குத் தென்படாது. வயலினுள் இறங்கித் தூரை விலக்கிப் பார்த்தால், பயிர் திட்டுத்திட்டாகக் காயுமுன்னரே கண்டுகொள்ளலாம்.

தோட்டப் பயிருக்கு மூன்று வாரமும் நீண்ட காலமே. கத்தரியில் தண்டும் காயும் துளைக்கும் புழு இரண்டு வாரமளவில் வளர்ந்துவிடும். ஆதலின் வாடிய குருத்துகளையும் துளைபட்ட காய்களையும் வாரந் தவறாது நறுக்கியெடுத்து எரித்தல் வேண்டும். நறுக்கிய குருத்துகளை எண்ணிக் கொப்பியிற் குறித்துவருபவருக்கு, புழு பெருகுகின்றதா குறைகின்றதா என்பது அடுத்த வாரமே தெரியும். அயல் தோட்டக்காரரும் அதே நாளில் நறுக்காவிட்டால் அந்துப்பூச்சி வேலி தாண்டி வந்துவிடுமாதலால், அந்நாளை இருவரும் சேர்ந்தே குறித்துக்கொள்வது உசிதம்.