மூளைக்கும் வேண்டும் நடைப்பயிற்சி

"நீங்கள் ஓய்வாக உட்காருங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று வயதான பெற்றோரிடம் பிள்ளைகள் சொல்வது வழக்கம். அன்பினால் சொல்வதுதான். ஆனால் நாளெல்லாம் உட்கார்ந்தே இருப்பது மூளைக்கு நன்மை செய்வதில்லை.

கண்ணாடியை வைத்த இடத்தை மறப்பது இயல்பு. பல்லாண்டு சென்றுவந்த கோயிலிலிருந்து வீடு திரும்ப வழி தெரியாமல் நிற்பது இயல்பன்று. அது டிமென்ஷியா எனப்படும் முதுமை மறதி நோயின் அறிகுறியாக இருக்கலாம். சிங்கப்பூரில் 2013இல் மனநலக் கழகம் நடத்திய ஆய்வில், 60 வயதைக் கடந்தோரில் பத்தில் ஒருவருக்கு இந்நோய் காணப்பட்டது.

நடையால் விளையும் நன்மை

புதிய நினைவுகளைப் பதிய வைக்க உதவும் மூளைப்பகுதி ஹிப்போகேம்பஸ். முதுமையில் இது சிறிது சிறிதாகச் சுருங்குகிறது. அமெரிக்காவில் 120 முதியவர்களைக் கொண்டு நடத்திய ஆய்வு 2011இல் வெளிவந்தது. ஒரு பிரிவினர் வாரம் மூன்று நாள், 40 நிமிடம் வேகமாக நடந்தனர். மற்றவர்கள் கைகால்களை நீட்டி மடக்கும் பயிற்சிகளைச் செய்தனர். ஓராண்டுக்குப்பின், நடந்தவர்களுக்கு அப்பகுதி சுமார் 2 விழுக்காடு பெரிதாகியிருந்தது, மற்றவர்களுக்குச் சுருங்கியிருந்தது. நடை இரத்தக் கொதிப்பையும் நீரிழிவையும் கட்டுப்படுத்த உதவுவதால், மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்களும் காக்கப்படுகின்றன.

வருமுன் காப்போம்

இது நோயைத் தீர்க்கும் மருந்து அன்று. நோய் தொடங்கியவர்களுக்குக் கடும் பயிற்சி அளித்த பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று 2018இல் வெளிவந்தது. அவர்களின் உடல் வலு கூடியது. மறதியின் வேகம் குறையவில்லை. எனவே நடுத்தர வயதிலேயே தொடங்குவது நல்லது. நோயுற்றவர்களும் உடல் வலுவுக்காகத் துணையோடு நடக்கலாம்.

எவ்வளவு நடப்பது?

வாரத்திற்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது; அதுவே சரியான வேகம். கோயிலில் மெல்ல வலம் வருவது மனத்துக்கு அமைதி தரும். மூளைக்காகச் சற்று விரைந்து தனியே நடக்க வேண்டும். இதய நோயுள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குக. நீரிழிவு உள்ளவர்கள் காலணியின்றி நடக்க வேண்டாம்.

பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். பெற்றோரை உட்கார வைப்பது மட்டுமே அன்பாகாது. மாலையில் அரை மணி நேரம் அவர்களோடு சேர்ந்து நடந்து வாருங்கள். அவர்கள் மூளைக்கும் நல்லது. உங்கள் மூளைக்கும் நல்லது.