இளையோர்க்கு வழிகாட்டலும் கைப்பேசியும்

நன்னூல் செய்த பவணந்தி முனிவர், எழுத்தையும் சொல்லையும் விளக்கப் புகுமுன் பொதுப்பாயிரத்தில் ஆசிரியர் இயல்பு, மாணாக்கர் இயல்பு, கற்பிக்கும் முறை, கற்கும் முறை ஆகியவற்றை வகுத்துரைத்துள்ளார். ஆசிரியப் பயிற்சி வகுப்புகளில் இப்பகுதியை நடத்தும்போது, அதிலுள்ள ஒரு கணக்கை மாணவியரிடம் தவறாது கேட்பது நம் வழக்கம். ஆசிரியர் சொன்னதை நன்றாக மனத்திற் கொண்ட மாணாக்கன் பெறுவது எத்தனை பங்கு? முழுமையும் என்பாள் ஒருத்தி. முக்காற் பங்கு என்பாள் இன்னொருத்தி. முனிவர் கூறும் விடையோ காற்பங்கு! உடன் பயில்வோரோடு பழகிக் கற்பதால் இன்னொரு காற்பங்கு வந்து சேரும். எஞ்சிய இரண்டு காற்பங்கும், அஃதாவது சரிபாதி, தான் கற்றதைப் பிறர்க்குச் செவ்வையாக எடுத்துரைக்கும்போதுதான் கைகூடும்.

இது சமண மரபுக்குப் புதிய கருத்தன்று. தத்துவார்த்த சூத்திரம் சுவாத்தியாயத்தை ஐந்து வகையாகப் பகுக்கிறது. படித்தல், ஐயம் வினவுதல், சிந்தித்தல், பிழையற ஓதிப் பயிலல் என நான்கு கூறி, ஐந்தாவதாக அறவுரை பகர்தலை வைக்கிறது. பிறர்க்கு உரைத்தலும் தன் கல்வியின் ஓர் உறுப்பே என்பது இதனால் விளங்கும். ஆகவே மூத்த இளைஞன் ஒருவன் இளைய சிறுவனுக்கு வழிகாட்டுவதை அவன் செய்யும் தருமம் என்று மட்டும் கொள்ளலாகாது. தன் கல்வியின் மறுபாதியை அவன் அங்கேதான் பெறுகிறான்.

இவ்வழிகாட்டற் பணியில் கைப்பேசி, கணினி முதலிய கருவிகளுக்கு எவ்வளவு இடம் தரலாம் என்பதே இப்பாடத்தின் பொருள். வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரத்துச் சிற்றூர்களில் ஜினாலயத்தைச் சுற்றி வாழ்ந்த நம் குடும்பங்கள், பிழைப்பின் பொருட்டுச் சென்னையின் புறநகர்களுக்குப் பெயர்ந்துவிட்டன. 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழகச் சமணர் எல்லாரும் சேர்ந்தே தொண்ணூறாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் அதில் ஒரு பகுதியினரே. திருநின்றவூரில் ஒரு தெருவுக்கு ஒரு குடும்பம், பட்டாபிராமில் ஒன்று, ஆவடியில் இரண்டு என்று சிதறி வாழ்கிறோம். வழிகாட்டக் கூடிய இளைஞரோ கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஷிப்டு முறையில் வேலை செய்பவர். அவர் வேலைக்குச் செல்வது கூடூர் மார்க்கத்து ரயிலில். நாம் இருப்பதோ அரக்கோணம் மார்க்கத்தில். வாரந்தோறும் நேரில் வரச் சொல்வது இரக்கமற்ற செயலாகும். கருவி இல்லாமல் இப்பணி நடவாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு மேலே செல்வோம்.

கருவி மட்டும் இருந்தால் எவ்வளவு நடக்கும் என்பதற்குத் தமிழ் பேசும் ஊரிலேயே ஒரு சோதனை உண்டு. 1999இல் தில்லியின் கல்காஜிப் பகுதியில் சுவரில் துளையிட்டுக் கணினியைப் பதித்து, ஏழைச் சிறுவர் தாமே கற்பதை உலகுக்குக் காட்டிய சுகதா மித்ரா என்னும் கல்வியாளர், பின்னாளில் காளிக்குப்பம் என்னும் தமிழ்ச் சிற்றூரிலும் சோதனை செய்தார். தமிழ் மட்டுமே அறிந்த சிறுவர் குழுவிடம், ஆங்கிலத்தில் அமைந்த உயிரித் தொழில்நுட்பப் பாடங்களைக் கணினியில் ஏற்றிக் கொடுத்துவிட்டுச் சென்றார். ஆசிரியர் எவரும் இல்லை. இரண்டு மாதங்களுக்குப் பின் தேர்வு வைத்தபோது அவர்கள் ஏறத்தாழ 30 விழுக்காடு பெற்றார்கள். வியக்கத்தக்க செய்திதான். ஆயினும் அது தேர்ச்சி மதிப்பெண்ணுக்குக் குறைவு அன்றோ?

அதன்பின் அவர் செய்ததே நாம் கருத்தூன்ற வேண்டியது. அச்சிறுவரோடு பழகி விளையாடும் 22 வயதுப் பெண் ஒருத்தியை அழைத்து, அவர்களுக்கு உதவுமாறு வேண்டினார். கணக்கு எழுதும் வேலை பார்த்த அப்பெண் தனக்கு அந்தப் பாடமே தெரியாது என்றாள். பாடம் தெரிய வேண்டியதில்லை, பாட்டிமார் செய்வதைப் போல அவர்கள் பின்னால் நின்று, 'அடடே, இதை எப்படிச் செய்தாய், எனக்கும் காட்டு' என்று வியந்து கேட்டால் போதும் என்றார் அவர். அடுத்த இரண்டு மாதங்களில் மதிப்பெண் ஏறத்தாழ 50 விழுக்காட்டுக்கு உயர்ந்தது. சிறிய குழுவைக் கொண்டு செய்த சோதனையை அளவுகோலாகக் கொள்ளலாமா என்று கேட்போர் உண்டு, அக்கேள்வி நியாயமானதே. ஆனால் வகுப்பறையில் தலைநரைத்த எவருக்கும் இம்முடிவு வியப்பளிக்காது. அந்தப் பெண்ணிடம் தாம் அறிந்ததைச் சொல்லும்போது அச்சிறுவர் பெற்றது நன்னூலார் சொன்ன அந்த மறுபாதியைத்தான். சொல்லிக் காட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. கருவி பாடத்தைச் சுமக்கும். ஆனால் பிள்ளை தன் பாடத்தைச் சொல்லும்போது வியந்து கேட்க அதனால் இயலாது.

நம் மாவட்டத்திலும் இதைக் கண்டோம். 2011 செப்டம்பர் 15 அன்று மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கப்பெற்றது திருவள்ளூரை அடுத்த காக்களூரில்தான். பல வீடுகளில் அது சில மாதங்களில் திரைப்படப் பெட்டியாயிற்று. அருகில் அமர்ந்து கேட்க ஓர் அண்ணனோ அக்காளோ இருந்த வீட்டில் அதே பெட்டி கல்லூரிக்கு வழி திறந்தது. பெருந்தொற்றுக்குப் பின் 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' இவ்வகையில் நல்ல முன்மாதிரி. தன்னார்வலர் தம் பெயரை இணையவழியே பதிந்தனர்; வருகைக் கணக்கு கைப்பேசிச் செயலியில் ஏறியது. வகுப்போ மாலை நேரத்தில் குடியிருப்புத் திண்ணையில், ஏறத்தாழ இருபது பிள்ளைகள் சூழ, அதே தெருவைச் சேர்ந்த ஒருவரால் நடத்தப்பெற்றது. ஆள் தேடுதலும் கணக்கு வைத்தலும் கருவிக்கு. பிள்ளையின் முகம் பார்த்தல் மனிதருக்கு. இந்தப் பங்கீட்டை நாமும் கைக்கொள்ளலாம்.

இனி, கருவி கையில் வந்ததும் வழிகாட்டிகள் செய்யும் பிழைகள். இவற்றுக்கும் பவணந்தியார் உவமை தந்திருக்கிறார். ஆசிரியர் ஆகாதவர் என்று அவர் சொல்லும் நால்வரும் இன்று வாட்ஸ்அப் குழுக்களில் நலமாக வாழ்கிறார்கள். கழற்சிக்காய் இட்ட குடத்தைக் கவிழ்த்தால் போட்ட முறைப்படி வராமல் தாறுமாறாக வந்து விழும். காலையில் கர்மத் தத்துவம், நண்பகலில் மூட்டுவலிக்கு மருந்து, இரவில் வேலைவாய்ப்புச் செய்தி என்று வந்ததை எல்லாம் தள்ளிவிடும் குழு அக்குடமே. கருக்குமட்டை சூழ்ந்த பனை, தானாகப் பழம் உதிர்த்தாலன்றி எவரும் ஏறிப் பறிக்க ஒட்டாது. செய்தி அனுப்புவாரேயன்றி, பிள்ளை அழைத்தால் எடுக்காத வழிகாட்டி அது. வளைந்த தென்னை தனக்கு நீர் வார்த்தவன் தோட்டத்தை விட்டு அயலான் தோட்டத்தில் காய் உதிர்க்கும். ஊரெல்லாம் காணக் காணொளி வெளியிட்டுவிட்டுத் தன்னை நம்பிய மூன்று பிள்ளைகளை மறந்தவரை வேறென்ன சொல்வது? பஞ்சு அடைத்த குடுக்கையைப் பற்றி மிகுதி சொல்ல வேண்டுவதில்லை. தாமும் அரிதின் கற்று, பிறர்க்கும் எளிதில் ஈயாதவர் எக்காலத்தும் உண்டு. (மன்னிப்பு வேண்டும் நன்னாளில் ஒரே செய்தியை ஒரே தட்டில் நூறு பேருக்கு அனுப்புவோரை இந்நான்கில் எதில் சேர்ப்பது என்று நமக்கு இன்னும் விளங்கவில்லை.)

நம் பிழையையும் மறையாது கூற வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வீட்டு மாடியில் கூடும் நம் அறவகுப்பில், ஒவ்வொரு பிள்ளையின் பள்ளி மதிப்பெண்ணையும் எழுதி வாங்கி, ஊக்கமூட்டும் எண்ணத்தில் அப்பட்டியலைக் குழுவில் வெளியிட்டோம். பதினோராம் வகுப்பில் இரு பாடங்களில் தவறிய ஒரு பையன் அன்றிரவே குழுவிலிருந்து விலகினான். அடுத்த ஞாயிறு வகுப்புக்கும் வரவில்லை. அவன் தாயார் அழைப்பை எடுக்கவில்லை. கரும்பலகையில் எழுதியிருந்தால் மாலையில் துடைத்திருப்போம். குழுவில் போட்டதைத் துடைக்க முடியாது; அது அவன் மாமன் வீடு வரை சென்றுவிட்டது.

நற்காட்சியின் எட்டு உறுப்புகளில் உபகூகனம் ஒன்று. வலுவற்றவரால் நேரும் குறையைப் பறைசாற்றாது மறைத்து, அறத்துக்குப் பழி வாராமல் காத்தல் அதன் பொருள். எத்தனையோ முறை கற்பித்த உறுப்பை ஒரு விரல் தட்டில் மீறினோம். 2023ஆம் ஆண்டின் மின்னணுவழித் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், பதினெட்டு வயதுக்குட்பட்டோர் பற்றிய செய்திகளைத் திரட்டிக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலை வேண்டுகிறது. சட்டம் வருமுன்பே நம் ஆகமம் இதைச் சொல்லிவிட்டது என்று பெருமை பேச நமக்கு வாய் வரவில்லை.

அப்பையனை மீட்டது எந்தச் செய்தியுமன்று. இருபத்தாறு வயது வழிகாட்டி ஒருவர், இரவு ஷிப்டு முடித்து, கும்மிடிப்பூண்டியில் ரயிலேறி, சென்னையில் வண்டி மாறி, உறங்காத கண்களுடன் அவன் வீட்டுக்குச் சென்றார். மதிப்பெண்ணைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லையாம். பாலிடெக்னிக்கில் தாம் தவறிய பாடங்களின் பட்டியலைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்தார். அதை அவனிடம் காட்டினார். அவ்வளவே.

இது வாரிசேணர் கதையை ஒத்தது. சிரேணிக மன்னரின் மகனான வாரிசேணர் துறவு பூண்டபோது, தோழன் புஷ்படாலனும் உடன் துறந்தான். ஆனால் பன்னிரண்டு ஆண்டுகள் சென்றும் அவன் மனம் இல்லாளையே நாடியது. வாரிசேணர் அவனைக் கடிந்துரைக்கவில்லை. தம் பழைய அரண்மனைக்கே அழைத்துச் சென்று, தாம் துறந்த மனைவியரையும் செல்வத்தையும் அவன் முன் நிறுத்தி, வேண்டின் இவற்றை நீ கொள்க என்றார். அவன் நாணித் தெளிந்தான். வழுவியவரை நிலைநிறுத்தலாகிய ஸ்திதிகரணத்துக்கு இவரே சான்றாகக் காட்டப்படுகிறார். தாம் எதை விட்டு வந்தோம் என்பதை உடன் நடந்து சென்று காட்டினார் அவர். நம் வழிகாட்டி இளைஞரும் தம் தோல்வியையே எடுத்துக் காட்டினார். கைப்பேசியும் அங்கே பயன்பட்டது என்பதைக் குறித்துக் கொள்க. ஆனால் அது அவர் கையிலிருந்து பையனின் கைக்கு நேரில் மாறியது.

அதன்பின் நம் வகுப்பில் முறையை மாற்றிக்கொண்டோம். குழு, அறிவிப்புக்கு மட்டும்: வகுப்பு எங்கே, எத்தனை மணிக்கு, யார் வரவில்லை என்று அல்ல, யார் வருகிறார்கள் என்று. ஒரு வழிகாட்டிக்கு மூன்று பிள்ளைகளுக்கு மேல் இல்லை. வாரம் ஒருமுறை, பெற்றோர் அறிந்த நேரத்தில், அவர்கள் வீட்டில் இருக்கையில் பேச வேண்டும். பொழுது சாயுமுன் உணவை முடிக்கும் நம் இல்லங்களில் மாலை ஏழு மணி வாய்ப்பானது. பேச்சில் பாதிக்கு மேல் பிள்ளையே பேசவேண்டும். அவ்வாரம் கற்ற ஒன்றை அவன் சொல்ல வழிகாட்டி கேட்க வேண்டும். பெண்பிள்ளைகளுக்குப் பெண்களே வழிகாட்டிகள். பிள்ளையின் குறையோ குடும்பத்தின் துன்பமோ எதுவும் எழுத்திலும் குரற்செய்தியிலும் அனுப்பப்படலாகாது. நேரிலோ, அழைத்தோ சொல்ல வேண்டும். பிள்ளைக்குத் தீங்கு நேர்கிறது என்னும் ஐயம் எழுந்தால் மறைத்தல் கூடாது. உபகூகனம் குற்றம் செய்தவனைக் காப்பதற்கன்று. அந்நிலையில் 1098 என்னும் சிறார் உதவி எண் உண்டு என்பதை எல்லா வழிகாட்டிகளும் மனப்பாடம் செய்திருக்கிறார்கள். தொடுதிரைக் கைப்பேசி இல்லாத வீட்டுக்குச் சாதாரண அழைப்பே போதும். அதனால் அப்பிள்ளை எதையும் இழக்கவில்லை என்று கண்டோம்.

மாதத்தில் ஒரு ஞாயிறு எல்லாரும் நேரில் கூடுகிறோம். அன்று கைப்பேசிகள் ஒரு கூடையில் இருக்கும். அந்தப் பையன் இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. சென்ற கூட்டத்தில், ஏழாம் வகுப்புச் சிறுவன் ஒருவனுக்கு வாரிசேணர் கதையைச் சொல்லும் பொறுப்பை ஏற்றான். பன்னிரண்டு ஆண்டு என்பதை இரண்டு ஆண்டு என்றான், சிறுவனே திருத்தினான்.